பத்துப் பிரதி தொலைகிறது, ஒற்றைப் பிரதி நிற்கிறது: ஈஸ்ட் பிளாஸ்மிட் குழப்பம்

மாவுக்கிண்ணம் | செவ்வாய் இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். கைடிடம் கேட்டால் "நீயே யோசி" என்கிறார். யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ரொட்டி ஈஸ்டில் மூன்று பிளாஸ்மிட் (குரோமோசோமோடு சேராமல் தனியாக இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையம்) ஏற்றினேன். மூன்றிலும் யுராசில் தயாரிக்கும் ஜீன் இருக்கிறது. என் ஈஸ்டால் தானாக யுராசில் தயாரிக்க முடியாது, அதனால் பிளாஸ்மிடைத் தொலைத்த செல் யுராசில் இல்லாத தட்டில் வளராது. முதலாவதில் ஏ.ஆர்.எஸ். மட்டும், அதாவது நகலெடுப்பு தொடங்கும் இடம். இரண்டாவதில் அதோடு ஒரு சென்ட்ரோமியர் துண்டு, அதாவது செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம். மூன்றாவதில் 2-மைக்ரான் பிளாஸ்மிடிலிருந்து எடுத்த துண்டு. யுராசில் இல்லாத ஊடகத்தில் வளர்த்து, அப்புறம் சத்தான ஊடகத்தில் ஒரு நாள் விட்டு, தட்டில் பரப்பினேன். காலனி வந்ததும் வெல்வெட் துணியில் ஒற்றி, யுராசில் இல்லாத தட்டுக்கு மாற்றினேன். (வெல்வெட் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது. எதற்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.)

முதல் பிளாஸ்மிட் ஏறக்குறைய சுத்தமாகக் காணோம். இரண்டாவது பெரும்பாலும் இருக்கிறது. மூன்றாவதும் பரவாயில்லை. பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது என்னவென்றால், முதலாவது ஒரு செல்லுக்குள் பல பிரதி இருக்கும், சென்ட்ரோமியர் உள்ளது ஒன்று அல்லது இரண்டு பிரதிதான். பல பிரதி உள்ளதுதானே நிற்க வேண்டும்? பத்து ரூபாய் வைத்திருப்பவனை விட ஒரு ரூபாய் வைத்திருப்பவன் எப்படி தைரியமாக இருக்கிறான்?


ஜவ்வரிசி_ஆலை | செவ்வாய் இரவு 9.40

எனக்கு உயிரியல் பத்தாவதோடு சரி, சாஃப்ட்வேர் ஆள். ஆனால் இதில் என்ன குழப்பம் என்று புரியவில்லை. முதல் பிளாஸ்மிடில் "பிரித்துக் கொடு" என்ற கட்டளை இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. டி.என்.ஏ. என்றாலே எழுத்துதானே. புரோகிராமில் ஒரு வரி விட்டுப்போனால் அந்த வேலை நடக்காது. அவ்வளவுதான்.


பாவுநூல் | செவ்வாய் இரவு 10.25

தம்பி, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய ஆட்களே உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. நான் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்து, ஈஸ்ட் ஆய்வுக்கூடம் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நகலெடுப்பது வேறு, பங்கு போடுவது வேறு. ஏ.ஆர்.எஸ். முதல் வேலைக்கு மட்டும்தான். 1979-ல் ஈஸ்ட் டி.என்.ஏ. துண்டுகளில் இந்த இடத்தைக் கண்டுபிடித்தபோதே, இது உள்ள பிளாஸ்மிட் வேகமாகத் தொலைகிறது என்பதும் தெரிந்துவிட்டது. எங்கே போகிறது என்பதை 1983-ல் ஆண்ட்ரூ மர்ரேயும் ஜாக் சோஸ்டாக்கும் பார்த்தார்கள். செல் ஒவ்வொன்றாகப் பிரியும்போது தாயையும் சேயையும் நுண்ணூசியால் தனித்தனியே எடுத்து வைத்து, குடும்ப வரலாறு எழுதுவது போல எந்தச் செல்லுக்குப் பிளாஸ்மிட் போயிற்று என்று கணக்குப் பார்த்தார்கள். ஏ.ஆர்.எஸ். பிளாஸ்மிட் கிட்டத்தட்ட எப்போதும் தாயிடமே தங்கிவிடுகிறது. பிரதிகள் பெருகத்தான் செய்கின்றன. ஆனால் பெருகுவதெல்லாம் ஒரே வீட்டில். சேய்க்கு ஒன்றும் போவதில்லை.

இந்த ஈஸ்ட் நடுவில் பிளந்து இரண்டாவதில்லை, மொட்டு விட்டுப் பிரிகிறது. நம் செல்களில் போல உட்கருவின் சுவர் கரைவதும் இல்லை. முழு உட்கருவும் நீண்டு, மொட்டின் குறுகிய கழுத்து வழியாகப் பாதி அந்தப் பக்கம் போக வேண்டும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சந்து வழியாகக் கூட்டம் போகிறது. கையைப் பிடித்துக்கொண்ட பிள்ளை அம்மாவோடு அந்தப் பக்கம் போய்விடும். கை விட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலும் இந்தப் பக்கத்திலேயே நிற்பார்கள். கழுத்தில் ஏதாவது தடுப்பு இருக்கிறதா, இல்லை வழி குறுகலாகவும் நேரம் குறைவாகவும் இருப்பதுதான் காரணமா என்பதில் இன்னும் இரண்டு கட்சி உண்டு. என்னைக் கேட்டால் இரண்டாவது கட்சி. பெரிய வளையம் சும்மா மிதந்து அந்தப் பக்கம் போய்ச் சேர அந்தச் சில நிமிஷம் போதாது.

சென்ட்ரோமியர் சேர்த்ததும் தாயின் பக்கச் சாய்வு போய்விடுகிறது. இப்போது பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப் போக ஆள் இருக்கிறது.


மாவுக்கிண்ணம் | செவ்வாய் இரவு 10.41

அண்ணா, ரொம்ப நன்றி. தாயிடமே தங்குகிறது என்றால் என் தட்டில் பிளாஸ்மிட் இல்லாத காலனி எல்லாம் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள்! பல பிரதி வைத்திருக்கும் பாட்டிகள் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறார்கள், இல்லையா? அப்புறம் இன்னொன்று. சென்ட்ரோமியர் துண்டு என்று நான் ஏற்றியது ரொம்பச் சின்னது. அதற்குள் எப்படி இவ்வளவு வேலை?


பாவுநூல் | புதன் காலை 6.50

ஆமாம், பாட்டிகள்தான். இதே கதை ஈஸ்டின் முதுமையிலும் வருகிறது. ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஜீன்கள் 12-ஆம் குரோமோசோமில் நூறு நூற்றைம்பது தடவை வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டு சில சமயம் கழன்று வளையமாகிவிடும். அந்த வளையத்திலும் ஏ.ஆர்.எஸ். உண்டு, சென்ட்ரோமியர் கிடையாது. ஆக அது தாயிடமே தங்கிப் பெருகும். 1997-ல் சின்க்ளேரும் குவாரன்டேயும் கிழட்டுத் தாய் செல்களில் இந்த வளையங்கள் குவிந்து கிடப்பதையும், அது ஆயுளைக் குறைப்பதையும் காட்டினார்கள். நீங்கள் தட்டில் பார்த்தது அதே சங்கதிதான்.

சென்ட்ரோமியருக்கு வருவோம். ரொட்டி ஈஸ்டில் அது வெறும் 125 எழுத்து. மனிதனில் 171 எழுத்துள்ள ஒரு துண்டு ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து லட்சக்கணக்கான எழுத்துகளுக்கு நீள்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1980-ல் லூயிஸ் கிளார்க்கும் ஜான் கார்பனும் முதன்முதலில் பிரித்தெடுத்தது இந்த ஈஸ்டின் 3-ஆம் குரோமோசோமின் சென்ட்ரோமியரைத்தான். ஒரு செல்லிலிருந்து முதலில் கைக்குக் கிடைத்த சென்ட்ரோமியர் அதுதான்.

அதற்குள் மூன்று பகுதி. முதல் பகுதி 8 எழுத்து. நடுப்பகுதி சுமார் 80 எழுத்து, பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஏ, டி எழுத்துகள்தான். மூன்றாம் பகுதி 25 எழுத்து போல. மூன்றாம் பகுதியில் ஒரு புரதக் கூட்டம் வந்து உட்காரும். நடுப்பகுதியில் சாதாரண ஹிஸ்டோன் எச்3-க்குப் பதிலாக சி.எஸ்.இ.4 என்ற தனி ஹிஸ்டோன் கொண்ட ஒரே ஒரு நியூக்ளியோசோம் (ஹிஸ்டோன் புரத உருண்டையும் அதைச் சுற்றிய டி.என்.ஏ.வும்). அதன் மேல் கைனட்டோகோர் என்ற புரதக் கொக்கி. அதில் ஒரே ஒரு நுண்குழல் வந்து மாட்டும். ஒரு குரோமோசோமுக்கு ஒரு கயிறு, அவ்வளவுதான். ஒற்றை இழை பாவில் அறுந்தால் துணியில் ஓட்டை தெரியும் இல்லையா, அந்த மாதிரி. ஆனாலும் 16 குரோமோசோமில் ஒவ்வொன்றும் லட்சம் பிரிவில் ஒரு தடவை போலத்தான் தவறும்.


ஜவ்வரிசி_ஆலை | புதன் காலை 9.15

பார்த்தீர்களா, நான் சொன்னதுதான். எட்டு எழுத்து, எண்பது எழுத்து, இருபத்தைந்து எழுத்து. எல்லாமே எழுத்து. இணையத்தில் தேடினேன், அந்த மூன்றாம் பகுதியின் நடுவில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் சென்ட்ரோமியர் மொத்தமாகச் செத்துவிடுமாம். ஒரு செமிகோலன் விட்டால் கம்பைல் ஆகாதது போல. இதில் "வடிவம்" எங்கே வந்தது?


ப்ளஸ்டூ_உயிரியல் | புதன் மாலை 5.30

வடிவம் என்று இதுவரை யாரும் சொல்லவே இல்லையே, நீங்களே சொல்லி நீங்களே சண்டை போடுகிறீர்கள் :) ஆனால் சொல்லத்தான் வேண்டும். பேப்பர் திருத்திக் களைத்துப் போய் வந்தேன், இந்த இழையைப் பார்த்ததும் களைப்பு போய்விட்டது.

மூன்றாம் பகுதி நீங்கள் சொல்வது போலத்தான். அங்கே எழுத்து மாறக் கூடாது. ஆனால் நடுவில் உள்ள எண்பது எழுத்தைப் பாருங்கள். 16 குரோமோசோமிலும் அந்த எண்பதின் வரிசை வேறு வேறு. ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஆனாலும் எல்லாம் வேலை செய்கின்றன. 3-ஆம் குரோமோசோமின் சென்ட்ரோமியரை எடுத்துவிட்டு 11-ஆம் குரோமோசோமுடையதை வைத்தார்கள், திருப்பியும் வைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அங்கே மாறாமல் இருப்பது இரண்டே இரண்டு: நீளம், ஏ-டி மிகுதி. நீளத்தை நிறையக் கூட்டினாலோ குறைத்தாலோ, ஏ-டியைக் குறைத்தாலோ குரோமோசோம் தொலைவது அதிகமாகிறது.

ஏன் ஏ-டி? தொடர்ச்சியாக ஏ வரும் டி.என்.ஏ. விறைப்பானது. அதன் சிறு பள்ளம் குறுகலாக இருக்கும். சாதாரண நியூக்ளியோசோமைச் சுற்றி வளைவதற்கு அது அடம் பிடிக்கும். அங்கே யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதை அந்தக் கம்பியின் விறைப்பே முடிவு செய்கிறது. நீங்கள் படிப்பது எழுத்தை. புரதம் தடவிப் பார்ப்பது கம்பியை. அது எங்கே வளைகிறது, எங்கே வளைய மறுக்கிறது என்பதுதான் அதற்குத் தெரிகிறது.

இன்னும் வேண்டுமா? கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்டில் 8 குரோமோசோம். எட்டு சென்ட்ரோமியரும் எட்டு விதமான வரிசை, பொதுவாக ஒரு எழுத்துத் தொடர் கூட கிடையாது. இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் கௌஸ்தவ் சான்யால். பெங்களூரு ஜவகர்லால் நேரு மையத்தில் அந்த வேலையைத் தொடர்ந்தவர். அந்த டி.என்.ஏ. துண்டையே வெறுமையாக எடுத்து மறுபடி செல்லுக்குள் விட்டால் அது சென்ட்ரோமியர் ஆவதில்லை! எழுத்து அப்படியே அதே எழுத்து. உங்கள் புரோகிராமில் இதற்கு என்ன பெயர்?


ஜவ்வரிசி_ஆலை | புதன் மாலை 6.02

டீச்சர், அது கான்ஃபிக் ஃபைல்.

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். பாதி.


காப்பித்தோட்டம் | புதன் இரவு 8.20

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஏற்காடு மேலே ஒரு சின்னத் தோட்டம் எங்களுக்கு. பழம் பறித்துப் பல்பரில் தோல் எடுத்த பிறகு கொட்டையை ஒரு நாள், ஒன்றரை நாள் தொட்டியில் ஊறப் போடுகிறோம். வழவழப்பு போவதற்காக. மார்கழிக் குளிரில் இன்னும் அதிக நேரம் ஆகும். அந்த நுரையில் இருப்பதும் இந்த ஈஸ்ட்தானா? அதற்குள்ளேயும் இந்தப் பிளாஸ்மிட் எல்லாம் இருக்குமா?


பாவுநூல் | புதன் இரவு 8.55

அந்தத் தொட்டியில் பாக்டீரியா, பல வகை ஈஸ்ட் எல்லாம் கலந்து இருக்கும். ரொட்டி ஈஸ்ட் இருக்கலாம், ஆனால் அது மட்டும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் 30 டிகிரியில் வளர்ப்போம், ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தடவை பிரியும். உங்கள் குளிரில் எல்லாம் நிதானமாகத்தான் நடக்கும்.

பிளாஸ்மிட் கேள்வி நல்ல கேள்வி. ரொட்டி ஈஸ்ட் வகைகள் பெரும்பாலானவற்றில் யாரும் ஏற்றாமலே ஒரு பிளாஸ்மிட் இருக்கும். அதுதான் 2-மைக்ரான். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், அது தனிக் கதை.


கொலுசுப்பட்டறை | புதன் இரவு 11.10

அண்ணன்மார்களே, எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. மகள் நீட் படிக்கிறாள், அவள் போனில் திறந்து வைத்திருந்த இழையை முழுதாகப் படித்துவிட்டேன். நாங்கள் வெள்ளிக் கொலுசு வேலை. பிளாஸ்மிட் வளையம் என்கிறீர்கள். அதுவும் இரண்டு இழை முறுக்கிய வளையம் என்று மகள் சொன்னாள். இரண்டு கம்பியை முறுக்கி வளையமாகப் பற்றவைத்துவிட்டு, பிறகு அந்த இரண்டு கம்பியையும் தனித்தனியே பிரி என்றால் பிரியாதே! ஒன்றுக்குள் ஒன்று மாட்டித்தான் நிற்கும். சங்கிலி ஆகிவிடும். இது எப்படிப் பிரிகிறது?


பாவுநூல் | வியாழன் காலை 6.15

ஐயா, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று இனிமேல் சொல்லாதீர்கள். இந்த இழையிலேயே பெரிய கேள்வி இதுதான். ராத்திரி படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

டி.என்.ஏ.வில் பத்தரை எழுத்துக்கு ஒரு முறுக்கு. 2-மைக்ரான் பிளாஸ்மிட் 6318 எழுத்து. அதாவது இரண்டு இழையும் ஒன்றை ஒன்று 600 தடவை சுற்றியிருக்கின்றன. நகலெடுக்கும்போது அத்தனை முறுக்கையும் எடுக்க வேண்டும். எடுக்காமல் மிச்சம் விட்டது எல்லாம், நகல் முடிந்ததும் இரண்டு வளையமும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய கண்ணிகளாக நிற்கும். நீங்கள் சொன்ன அதே சங்கிலி.

பட்டறையில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு கண்ணியை வெட்டி, மற்றதை வெளியே எடுத்து, வெட்டிய இடத்தைப் பற்றவைப்பீர்கள். செல்லும் அதையேதான் செய்கிறது. டோப்போஐசோமரேஸ் 2 என்று ஒரு நொதி. ஒரு வளையத்தின் இரண்டு இழையையும் வெட்டும், வெட்டிய முனை இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும், இடைவெளி வழியாக மற்ற வளையத்தைக் கடத்தும், மறுபடி ஒட்டும். கீறல் கூட தெரியாது. 1980-களில் இந்த நொதி சூட்டில் கெட்டுப்போகிற ஈஸ்ட் வகைகளைச் செய்தார்கள். சூடு ஏற்றினால் பிளாஸ்மிட் எல்லாம் ஜோடி ஜோடியாகக் கோர்த்து நின்றன. குரோமோசோம் பிரிய முடியாமல் செல் செத்தது. ஆனால் பிரிவையே மருந்து கொடுத்து நிறுத்தி வைத்தால் செல் சாகவில்லை. சிக்கு இருப்பதால் சாவு வரவில்லை. சிக்கோடு இழுத்ததால்தான் வந்தது. பாவில் சிக்கு விழுந்ததைப் பார்க்காமல் தறியை ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான்.

இப்போது கதையில் ஒரு திருப்பம். 1983-ல் அதே மர்ரேயும் சோஸ்டாக்கும் ஈஸ்டுக்குச் செயற்கைக் குரோமோசோம் செய்தார்கள். ஏ.ஆர்.எஸ்., சென்ட்ரோமியர், இரண்டு முனைக்கும் டீலோமியர் (முனையைக் காக்கும் மூடி). குரோமோசோமுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. பத்தாயிரம் எழுத்துப் போல நீளம். கட்டளை ஒன்றும் குறையவில்லை (ஜவ்வரிசி தம்பி கவனிக்க). ஆனால் அது ஒழுங்காகப் பிரியவே இல்லை. அதே பாகங்களோடு, எந்த வேலையும் இல்லாத வைரஸ் டி.என்.ஏ.வைச் சேர்த்து ஐம்பதாயிரத்துக்கு மேல் நீட்டினார்கள். நன்றாக நின்றது. வெறும் நீளம்! அர்த்தமே இல்லாத எழுத்து!

ஏன் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன யோசனை அழகானது: நீளமான இரண்டு நகலும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு நிற்கும், அந்தச் சிக்கே இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும், அதனால்தான் நுண்குழல் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும்போது இழுவை விறைப்பு வரும். விறைப்பு இருந்தால்தான் "சரியாக மாட்டியிருக்கிறது" என்று செல்லுக்குத் தெரியும். இரண்டும் ஒரே பக்கம் மாட்டினால் கயிறு தொய்யும், செல் அதைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டும்.

அழகான யோசனை, ஆனால் முழுசாகச் சரியில்லை. 1987-ல் கோஷ்லாண்டும் ஹார்ட்வெல்லும் சின்ன வளையக் குரோமோசோமை ஏற்றி, பிரிவதற்கு முந்தின கணத்தில் செல்லை நிறுத்திப் பார்த்தார்கள். நகல்கள் கோர்த்து நிற்கவில்லை. தனித்தனி வளையம். ஆனாலும் சரியாகத்தான் பிரிகின்றன. அப்படியானால் பிடித்துக்கொண்டிருப்பது வேறு யாரோ. அது 1997-ல் தெரிந்தது: கொஹீசின் என்ற புரதம். ஐயா, அதுவும் ஒரு வளையம்தான்! மூன்று புரதம் சேர்ந்த ஒரு வளையம் இரண்டு நகலையும் தன் ஓட்டைக்குள் அடக்கிக்கொள்கிறது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? 2005-ல் கிம் நாஸ்மித் என்ற ஆய்வாளரின் கூடத்தில் வளையக் குரோமோசோமை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். டி.என்.ஏ. வளையத்தை ஒரு இடத்தில் வெட்டினால் பிடி விட்டுப்போகிறது. புரத வளையத்தை வெட்டினாலும் விட்டுப்போகிறது. பசை போட்டு ஒட்டியிருந்தால் டி.என்.ஏ.வை வெட்டினதும் விடாது. கோர்த்திருந்தால்தான் விடும்.

குட்டையான நேர் குரோமோசோம் ஏன் தொலைந்தது என்பதற்கு இதை வைத்து நான் ஒரு கணக்குப் போடுவேன்: இரண்டு முனையும் கிட்டத்தில் இருப்பதால் கொஹீசின் வளையம் வழுக்கிக் கழன்றுவிடும். அதே நீளமுள்ள வட்டப் பிளாஸ்மிட் அதை விட நன்றாக நின்றதற்கும் இது ஒத்துப்போகிறது. இது என் கணக்கு, சாட்சிக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.


கொலுசுப்பட்டறை | வியாழன் காலை 7.30

அப்படியானால் கடைசியில் பிரிய வேண்டிய நேரத்தில் அந்தப் புரத வளையத்தை யார் வெட்டுவது?


ப்ளஸ்டூ_உயிரியல் | வியாழன் காலை 7.48

செப்பரேஸ் என்ற நொதி. அதுவரை அதன் வாயைக் கட்டி வைத்திருக்க இன்னொரு புரதம். எல்லாக் குரோமோசோமும் சரியாக மாட்டிய பிறகுதான் வாய்க்கட்டு அவிழும். மகளிடம் சொல்லுங்கள், நீட்டில் அனாஃபேஸ் (நகல்கள் பிரியும் கட்டம்) கேள்வி வந்தால் இதை நினைத்துக்கொள்ளட்டும்.


காப்பித்தோட்டம் | வியாழன் காலை 10.05

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியுமா? கணக்கு, நொதி என்று படித்தால் எனக்கு நிற்காது.


ப்ளஸ்டூ_உயிரியல் | வியாழன் மாலை 6.40

முடியும், அதுவும் வெறும் கண்ணால். என் ஆசையே இதை ஒரு நாள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான். பள்ளியில் ஆட்டோகிளேவ் கிடையாது, குக்கர்தான்.

அடினின் தயாரிக்கும் ஏடிஇ2 ஜீன் கெட்டுப்போன ஈஸ்டில் ஒரு இடைநிலைப் பொருள் தேங்கிச் சிவப்பு நிறம் வரும். காலனியே செங்கல் மாதிரி இருக்கும். அந்தக் கோளாறைத் திருத்தும் ஒரு ஜீனைச் சென்ட்ரோமியர் பிளாஸ்மிடில் வைத்து ஏற்றினால், பிளாஸ்மிட் ஒரு பிரதி உள்ள செல் இளஞ்சிவப்பு, இரண்டு உள்ளது வெள்ளை, இல்லாதது சிவப்பு. 1985-ல் இதைச் செய்தார்கள். முதல் பிரிவிலேயே ஒரு சேய்க்குப் போகாமல் விட்டுப்போனால் காலனி சரிபாதி இளஞ்சிவப்பு, சரிபாதி சிவப்பு. ஒரு சேய்க்கு இரண்டும் போய் மற்றதற்கு ஒன்றும் போகாவிட்டால் பாதி வெள்ளை, பாதி சிவப்பு. அதாவது நகலெடுக்காமல் விட்டதா, நகலெடுத்துவிட்டுப் பங்கு போடுவதில் தவறியதா என்பதை நிறம் பார்த்தே சொல்லலாம். மாம்பழத் துண்டு மாதிரி வட்டத்தில் பங்கு பங்காகத் தெரியும். இதை விட அழகான சோதனை நான் பார்த்ததில்லை.


ஜவ்வரிசி_ஆலை | வியாழன் இரவு 7.15

இது நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். சென்ட்ரோமியர்தான் கொக்கி என்றால், பாதுகாப்புக்கு ஒரு குரோமோசோமில் இரண்டு கொக்கி வைத்தால் என்ன? சர்வரில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.


பாவுநூல் | வியாழன் இரவு 9.30

பிய்ந்துவிடும். ஒரு கொக்கி தாய்ப் பக்கம், இன்னொன்று சேய்ப் பக்கம் இழுபட்டால் நடுவில் அறுந்துவிடும். இரண்டு சென்ட்ரோமியர் உள்ள பிளாஸ்மிட் ஏற்றினால், ஒன்று அழிந்த பிளாஸ்மிட்தான் கடைசியில் தப்பிக்கும். 2018-ல் சீனாவில் 16 குரோமோசோமையும் ஒட்டி ஒன்றாக்கிய ஈஸ்ட் செய்தார்கள். அமெரிக்காவில் இன்னொரு குழு இரண்டு குரோமோசோம் வரை கொண்டுவந்தது. ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் ஒரு சென்ட்ரோமியரை எடுத்துவிட்டுத்தான் ஒட்டினார்கள். அந்த ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கிறது.

கொக்கியை அணைத்துப் போடவும் வழி உண்டு. சென்ட்ரோமியருக்குப் பக்கத்தில், கேலக்டோஸ் கொடுத்தால் ஓடுகிற ஜீன் சுவிட்சை வைத்து அதன் வழியாக ஆர்.என்.ஏ. எழுத வைத்தால், எழுதும் இயந்திரம் ஓடுகிற வேகத்தில் அங்கே கட்டியிருந்தது எல்லாம் கலைந்துபோகும். 1987-ல் ஹில்லும் ப்ளூமும் செய்தது. எழுத்து ஒன்று கூட மாறவில்லை தம்பி. சர்க்கரையை மாற்றினார்கள், சென்ட்ரோமியர் போய்விட்டது.


ஜவ்வரிசி_ஆலை | வியாழன் இரவு 9.44

முக்கால் ஒத்துக்கொள்கிறேன்.


மாவுக்கிண்ணம் | வெள்ளி காலை 11.20

எல்லோருக்கும் நன்றி. நான் ஒன்றை முதலிலேயே சொல்லாமல் விட்டுவிட்டேன், முக்கியமில்லை என்று நினைத்தேன். என் மூன்றாவது பிளாஸ்மிட், அந்த 2-மைக்ரான் துண்டு உள்ளது, எனக்கு நன்றாக நிற்கிறது. பக்கத்து பெஞ்சில் உள்ள நண்பன் அதே குழாயிலிருந்து அதே பிளாஸ்மிடை எடுத்து அவனுடைய ஈஸ்டில் ஏற்றினான். அவனுக்கு என் முதல் பிளாஸ்மிட் மாதிரியே காணாமல் போகிறது. மூன்று தடவை செய்துவிட்டான். கைடு அவனை "கை சுத்தமில்லை" என்று திட்டினார்.


ஜவ்வரிசி_ஆலை | வெள்ளி காலை 11.26

கை சுத்தமில்லை.


ப்ளஸ்டூ_உயிரியல் | வெள்ளி மதியம் 1.10

மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்தால் அது கைக்குற்றம் இல்லை. கைக்குற்றம் தடவைக்குத் தடவை மாறும். அவன் வைத்திருக்கும் ஈஸ்ட் வகை என்ன?


மாவுக்கிண்ணம் | வெள்ளி மதியம் 1.32

வேறு வகை, டீச்சர். ஏதோ புரதம் தயாரிப்பதற்காக முன்னால் ஒரு சீனியர் வாங்கி வைத்தது.


பாவுநூல் | வெள்ளி இரவு 8.40

புரதம் தயாரிக்க வாங்கியதா? அப்படியானால் நான் சொல்லாமல் வைத்திருந்த தனிக் கதையைச் சொல்ல நேரம் வந்துவிட்டது.

2-மைக்ரான் ஒரு விசித்திரம். ஒரு செல்லுக்கு 40 முதல் 60 பிரதி. ஈஸ்டுக்கு அதனால் எந்த லாபமும் தெரியவில்லை. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ஆனால் அதில் அதைப் போல கெட்டிக்காரன் கிடையாது. குரோமோசோமுக்கு நிகராக நிற்கிறது. அதில் சென்ட்ரோமியர் இல்லை. எஸ்.டி.பி. என்று ஓர் இடம் இருக்கிறது, 62 எழுத்து போல உள்ள அலகு ஐந்தாறு தடவை வரிசையாக. அதில் ரெப்1, ரெப்2 என்ற இரண்டு புரதம் வந்து உட்காரும். இரண்டும் அந்தப் பிளாஸ்மிடே செய்துகொள்வது. பிரதிகள் தனித்தனியாக அலையாமல் கொத்தாகச் சேர்ந்து நிற்கும். அந்தக் கொத்து குரோமோசோம்களோடு ஒட்டிக்கொண்டு அவை போகும் பக்கம் போய்விடும் என்பது டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மக்குனி ஜெயராம் குழு பல வருஷமாகச் சேர்த்து வைத்த சான்றுகளின் சாரம். ஏற்காடு பஸ்ஸில் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவன் மாதிரி.

பிரதி குறைந்துபோனால் அதற்கும் வழி வைத்திருக்கிறது. அதனிடம் ஃப்ளிப் என்ற நொதி. வளையத்தின் இரண்டு இடத்தில் எதிரெதிராக ஒரே எழுத்துத் தொடர் இருக்கும். நகலெடுப்பு நடுவில் இருக்கும்போது ஃப்ளிப் அந்த இரண்டையும் மாற்றிக் கோர்த்துவிடும். எதிரெதிராக ஓடி முட்டி நிற்க வேண்டிய இரண்டு நகல் இயந்திரமும் ஒன்றன் பின் ஒன்றாக வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். செல் சுழற்சியில் ஒரே ஒரு தடவைதான் நகலெடுப்பு தொடங்கலாம் என்பது சட்டம். சட்டத்தை மீறாமலே, ஒரு தடவை தொடங்கி நிறையப் பிரதி எடுத்துக்கொள்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு அந்தப் பிளாஸ்மிட் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

இப்போது உங்கள் நண்பன் கதை. நீங்கள் ஏற்றியது முழு 2-மைக்ரான் இல்லை. அதன் நகலெடுப்பு இடமும் எஸ்.டி.பி.யும் மட்டும் உள்ள துண்டு. ரெப்1, ரெப்2 அதில் கிடையாது. உங்கள் ஈஸ்டில் இயல்பாகவே 2-மைக்ரான் குடியிருக்கிறது. அது செய்கிற ரெப் புரதத்தை உங்கள் பிளாஸ்மிட் இரவல் வாங்கிக்கொள்கிறது. நண்பனின் ஈஸ்டிலிருந்து 2-மைக்ரானை வேண்டுமென்றே விரட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஏற்றும் பிளாஸ்மிடுக்குப் போட்டி வேண்டாம் என்று புரதம் தயாரிப்பவர்கள் அப்படிச் செய்வது வழக்கம். அங்கே எஸ்.டி.பி. இருக்கிறது, அதைப் பிடிக்கக் கை இல்லை. ஆக அது வெறும் ஏ.ஆர்.எஸ். பிளாஸ்மிட். பாட்டி வீட்டிலேயே தங்கிவிடும். வகையின் பெயருக்குப் பக்கத்தில் "சர்" என்று போட்டு மேலே பூஜ்யம் இருக்கிறதா பாருங்கள், 2-மைக்ரான் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். இல்லையென்றால் ஃப்ளிப் ஜீனுக்கு ஒரு பி.சி.ஆர். (அந்த டி.என்.ஏ. துண்டு இருக்கிறதா என்று பெருக்கிப் பார்ப்பது) போடுங்கள். உங்கள் ஈஸ்ட், அவன் ஈஸ்ட், இரண்டையும் பிளாஸ்மிட் ஏற்றாமல் வெறுமையாக.


காப்பித்தோட்டம் | வெள்ளி இரவு 9.05

டிக்கெட் இல்லாத ஆள் தொற்றிக்கொள்ள பஸ் வேண்டும், அது சரி. ஆனால் இங்கே பஸ் இருக்கிறது, பிடிக்கக் கம்பி இல்லை.


பாவுநூல் | வெள்ளி இரவு 9.11

அதேதான். நான் இவ்வளவு எழுதியதை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.


மாவுக்கிண்ணம் | அடுத்த வியாழன் மாலை 4.50

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடுவில் இரண்டு நாள் கரண்ட் போய் இன்குபேட்டர் தட்டெல்லாம் வீணாகிவிட்டது. இன்று பி.சி.ஆர். ஜெல் பார்த்தோம். என் ஈஸ்டில் ஃப்ளிப் பட்டை தெளிவாக இருக்கிறது. நண்பனுடையதில் ஒன்றும் இல்லை. கண்ட்ரோல் பட்டை இரண்டிலும் வந்திருக்கிறது, அதனால் டி.என்.ஏ. சரிதான். பிறகு ஃப்ரீசரில் சீனியருடைய பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்தோம். பென்சிலில் "சர்", மேலே குட்டியாக ஒரு பூஜ்யம். பாதி அழிந்து, பனித்துளி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

கைடு ஜெல்லை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "சரி, எழுது" என்றார். நண்பன் அதைத் தன் புராஜெக்டில் தனி அத்தியாயமாகப் போடப் போகிறானாம். நாலு ரோட்டில் தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறான். பாவுநூல் அண்ணா, கொலுசு அண்ணா, டீச்சர், நீங்களும் வந்தால் அவன் பர்ஸ் தாங்காது, ஆனாலும் வாருங்கள்.


ஜவ்வரிசி_ஆலை | அடுத்த வியாழன் மாலை 5.02

கை சுத்தம்தான். எனக்கும் ஒரு செட் சொல்லி வையுங்கள், கேரட் தூக்கலாக.